நடு வரிசையைப் பாருங்கள்: ஊர் மாறிய பின் கராத்தே மாஸ்டரைத் தேடுவது

கேள்வி கேட்டவர் திருநெல்வேலிப் பெண். வயது 27. ஒரே மாஸ்டரிடம் ஆறு ஆண்டுகள் ஷோட்டோகான் கராத்தே கற்றவர். பிரவுன் பெல்ட் வாங்கி, பிளாக் பெல்ட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் வேலை சென்னைக்கு இழுத்து வந்துவிட்டது. வீடு வேளச்சேரியில், அலுவலகம் சோழிங்கநல்லூரில். “எந்தப் பள்ளியில் சேர்வது? என் பெல்ட்டை ஒப்புக்கொள்வார்களா? வேறு ஸ்டைல்தான் கிடைக்கிறது என்றால் ஆறு வருட உழைப்பும் வீண்தானா?” என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1989இல் திருச்சியில் கராத்தே தொடங்கியவன் நான். வங்கி வேலை என்பதால் நான்கு ஊர்களுக்கு மாற்றல். நான்கு முறையும் புது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஐயா, நான் ஏற்கெனவே கொஞ்சம் கற்றிருக்கிறேன்” என்று கூச்சத்தோடு ஆரம்பித்திருக்கிறேன். அதனால் பெல்ட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓட்டுநர் உரிமம் போல எங்கே போனாலும் செல்லுபடியாகும் பெல்ட் என்று கராத்தேயில் ஒன்று கிடையாது. இந்தத் தரநிலை ஏற்பாடே கராத்தேக்குச் சொந்தமானதில்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883இல் தன் சீடர்கள் இருவருக்கு முதல் ‘டான்’ (பிளாக் பெல்ட் படி) கொடுத்து அதைத் தொடங்கிவைத்தார். ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின் அதைக் கடன் வாங்கி, 1924இல் தன் மாணவர்களுக்கு முதல் டான் வழங்கினார். அதற்கு முந்தைய தலைமுறைகள் இடுப்பில் எந்த நிறமும் இல்லாமல்தான் ஒகினாவாவில் கற்றுக்கொண்டன. நீங்கள் எழுதவிருந்த ‘ஷோதான்’, அதாவது முதல் டான், என்ற பட்டத்துக்கே ‘தொடக்கப் படி’ என்றுதான் பொருள்.

நடைமுறையில் என்ன நடக்கும்? உங்கள் மாஸ்டர் சார்ந்திருக்கும் அதே அமைப்பின் கிளை சென்னையில் இருந்தால் சிக்கலே இல்லை. உங்கள் கியூ நிலை (பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய படிகளின் எண்) அவர்கள் பதிவேட்டில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஷோட்டோகான்தான், ஆனால் வேறு அமைப்பு என்றால், பெரும்பாலான மாஸ்டர்கள் உங்களிடம் இரண்டு மூன்று கட்டா (தனியாகச் செய்யும் வரிசைப்படுத்திய அசைவுகள்) செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு அதே பெல்ட்டோடு நிற்கச் சொல்வார்கள். வேறு ஸ்டைல் என்றால் அந்த மாஸ்டரின் மனசு. சிலர் பழைய பெல்ட்டையே கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சிலர் வெள்ளை பெல்ட் கட்டச் சொல்வார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை; அவர்கள் பாடத்திட்டம் உங்களுக்குத் தெரியாது என்பது உண்மைதானே.

ஆனால் வெள்ளை பெல்ட் கட்டச் சொல்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. “மூன்று மாதம் வாருங்கள், பார்த்துவிட்டு உங்களுக்குரிய இடத்தில் நிறுத்துகிறேன்” என்பவர் ஒரு ரகம். “மஞ்சளிலிருந்து எல்லாத் தேர்வும் வரிசையாக எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் இவ்வளவு” என்பவர் இன்னொரு ரகம். முதலாமவர் உங்கள் காலைப் பார்க்கிறார். இரண்டாமவர் எதைப் பார்க்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று: போனவுடன் “நான் பிரவுன் பெல்ட்” என்று நிறத்தைச் சொல்லாதீர்கள். எந்த நிறம் எந்தப் படி என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். கியூ எண்ணைச் சொல்லுங்கள், எந்தக் கட்டா வரை முடித்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மாஸ்டர்களுக்கு அதுதான் புரியும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் சிரிப்புக்கிடமானது. திருச்சியில் நான் கற்றதும் ஷோட்டோகான்தான். கோயம்புத்தூருக்கு மாற்றலானபோது வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது ஷிட்டோ ரியூ என்ற வேறு ஸ்டைல் வகுப்பு. நல்ல மனிதர், “உன் பெல்ட்டோடேயே நில்” என்றார். முன் வரிசையில் போய் நின்றேன். “பினான் ஷோதான்” என்று குரல் வந்தது. ஃபுனாகோஷி ‘பினான்’ என்ற கட்டா வரிசையின் பெயரைத்தான் ‘ஹெய்யான்’ என்று மாற்றினார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நமது ஹெய்யான் ஷோதான்தானே என்று இடப்பக்கம் திரும்பி, ஜம்பமாகக் கீழ்த்தடுப்பு போட்டேன். சுற்றிலும் இருபது பேர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கிறார்கள். நான் மட்டும் கீழே துடைத்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் நின்ற பச்சை பெல்ட் பையன் மெதுவாகச் சொன்னான்: “அண்ணா, இது உங்களுக்கு இரண்டாவது.” ஃபுனாகோஷி பெயரை மட்டும் மாற்றவில்லை, முதல் இரண்டின் வரிசையையும் இடம் மாற்றிவிட்டார். அவர்களுடைய ஷோதான் (முதலாவது) நமக்கு நிதான் (இரண்டாவது). நம்முடைய ஷோதான் அவர்களுக்கு நிதான். மறுநாளிலிருந்து நானாகவே பின் வரிசைக்குப் போய்விட்டேன். ஆறு மாதம் அங்கே நின்றது என் கராத்தே வாழ்க்கையின் மிக நல்ல ஆறு மாதம். எல்லோரையும் பார்க்க முடிந்தது.

இப்போது தேடல். நீங்கள் கூகுளில் ஏற்கெனவே தேடியிருப்பீர்கள். வேளச்சேரியைச் சுற்றி வட்டமடித்தால் ஏகப்பட்ட பள்ளிகள், எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். அந்த நட்சத்திரங்களைப் பெரும்பாலும் போடுவது பிள்ளைக்கு மஞ்சள் பெல்ட் கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் பெற்றோர். அவர்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் தேவைக்கு அது உதவாது, அவ்வளவுதான். பெயர்ப் பலகையும் உதவாது. நம் ஊரில் ஓடு உடைப்பது, டியூப் லைட்டை உடைப்பது, வயிற்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவது எல்லாம் பலகையில் படமாக இருக்கும். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியுமா என்பதை அந்தப் படம் சொல்லாது. பலகையில் பத்தாம் டான் என்று இருந்தால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: ஜூடோவின் தலைமையகமான கொடோக்கான் 1882இல் தொடங்கப்பட்டது; அன்று முதல் அங்கே பத்தாம் டான் பெற்றவர்கள் இருபது பேர்கூட இல்லை.

கூகுளைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் பழைய மாஸ்டருக்குப் போன் செய்யுங்கள். சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டீர்கள் என்றால் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வெற்றிலை பாக்கு, பழத்தோடு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இது சம்பிரதாயத்துக்காக மட்டும் சொல்வதில்லை. கராத்தே உலகம் வெளியில் தெரிவதைவிடச் சின்னது. மாநிலப் போட்டிகளில் நடுவராக இருப்பவர்களும், பெல்ட் தேர்வு நடத்தப் போகிறவர்களும் ஒருவரையொருவர் இருபது முப்பது ஆண்டுகளாக அறிவார்கள். “சென்னையில் யாரிடம் போகலாம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “உங்கள் மகளை அனுப்புவதானால் சென்னையில் யாரிடம் அனுப்புவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு அமைப்புத் தலைவரின் பெயர் வரும். இரண்டாவதற்கு வேறு பெயர் வரும். அப்படியே ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டிலிருந்து கற்றீர்கள், எந்தக் கியூ, எந்தக் கட்டாக்கள், ஷோதானுக்குத் தயாரா, இல்லையா. உங்கள் எல்லாச் சான்றிதழ்களையும்விடப் புது மாஸ்டர் அந்த ஒரு தாளை அதிக நேரம் படிப்பார்.

இரண்டாவது வழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது மாவட்டப் போட்டிக்குப் பார்வையாளராகப் போவது. யார் தங்கம் வாங்குகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டாம். தோற்ற பிள்ளை களத்தை விட்டு இறங்கி வரும் அந்த அரை நிமிடத்தைப் பாருங்கள். ஒரு பயிற்சியாளர் பார்க்காதது போல் திரும்பிக்கொள்வார். ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கத்துவார். ஒருவர் பல் காப்பைக் கழற்றச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி, கையால் ஒரு அசைவைக் காட்டுவார். அந்த மூன்றாமவர் எங்கே வகுப்பு எடுக்கிறார் என்று விசாரியுங்கள். நான் இன்று ஞாயிறுதோறும் உதவிக்குப் போகும் வகுப்பைக் கண்டுபிடித்தது இப்படித்தான். அவருக்குப் பலகையும் இல்லை, இணையத்தில் ஒரு வரியும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடிதான் இருந்தது.

அடுத்து, வகுப்பை நேரில் பார்ப்பது. இதில்தான் எல்லாம் இருக்கிறது. சேருவதற்கு முன் குறைந்தது இரண்டு வகுப்பாவது ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெல்ட் தேர்வு நாளில் போகாதீர்கள், ஆண்டு விழாவில் போகாதீர்கள். மழை தூறிக்கொண்டிருக்கும் ஒரு வார நாளில் போங்கள். அன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்பதே பாதி விடை. பார்க்க அனுமதி இல்லை என்று சொன்னால் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

போனால் மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவர் நன்றாகத்தான் செய்வார். முப்பது ஆண்டாகச் செய்கிறார். முன் வரிசை பிளாக் பெல்ட்டுகளையும் விடுங்கள்; அவர்களில் சிலர் உங்களைப் போல வேறு எங்கோ கற்று வந்தவர்களாக இருக்கலாம். பின் வரிசை வெள்ளை பெல்ட்டுகள் போன மாதம் வந்தவர்கள். நடு வரிசையைப் பாருங்கள். பச்சை, நீலம், ஊதா. இரண்டு மூன்று ஆண்டுகளாக இந்த மாஸ்டரிடம் மட்டுமே இருந்து, இவர் கையால் மட்டுமே உருவானவர்கள். எண்ணிக்கை தொடங்கியதும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்களா, தானாகச் செய்கிறார்களா? முன் காலில் எடை போட்டு நிற்கும்போது பின் குதிகால் தூக்கிக்கொண்டிருக்கிறதா? குத்திய கை இடுப்புக்குத் திரும்பி வருகிறதா, காற்றில் தொங்குகிறதா? பத்துப் பேருக்கும் ஒரே தவறு இருந்தால் அது மாஸ்டர் கவனிக்காமல் விட்டது. பத்துப் பேருக்குப் பத்துத் தவறு இருந்தால் கவலையில்லை, கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முடிந்ததும் அவர்களில் ஒருவரைப் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள். மாஸ்டரிடம் கேட்க வேண்டாம். ஷோட்டோகான் வகுப்பாக இருந்தால், ஹெய்யான் ஷோதானில் வலப்பக்கக் கீழ்த்தடுப்புக்குப் பிறகு அந்தக் கையை இழுத்து, சுழற்றி, மேலிருந்து சுத்தியல் போல இறக்குகிறீர்களே, அது எதற்கு என்று கேளுங்கள். “கையைப் பிடித்தால் விடுவித்துக்கொண்டு அடிக்க” என்று சொல்லி, உங்கள் மணிக்கட்டைக் கொடுக்கச் சொல்லிச் செய்து காட்டினால், அங்கே கட்டா உயிரோடு இருக்கிறது. “கட்டாவில் அப்படித்தான் வரும்” என்றால் அது உடற்பயிற்சி வகுப்பு. உடற்பயிற்சி தேவை என்றால் அதுவும் தவறில்லை. ஆனால் ஆறு ஆண்டு கற்றவருக்கு அங்கே சீக்கிரம் சலித்துப்போகும்.

திருத்தும் விதத்தையும் பாருங்கள். பிரம்பால் காலில் தட்டித் திருத்தும் மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தலைமுறை எங்களை அப்படித்தான் வளர்த்தது, நாங்களும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இப்போது யோசித்தால் அந்தப் பிரம்பால் என் நிற்கும் நிலை சரியானதாக நினைவில்லை. எப்போது அடி விழும் என்று ஓரக்கண்ணால் பார்க்கும் கெட்ட பழக்கம்தான் வந்தது, அதை விடப் பல ஆண்டுகள் ஆயின.

சண்டைப் பயிற்சி இருக்கும் நாளில் ஒரு முறை கட்டாயம் போங்கள். கைக்கும் முழங்காலுக்குக் கீழும் காப்பு, பல் காப்பு, பெண்களுக்கு மார்புக் காப்பு எல்லாம் பயன்படுத்துகிறார்களா? எண்பது கிலோ ஆளும் ஐம்பது கிலோ பெண்ணும் மோதும்போது அந்த ஆள் வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவரா? யாருக்காவது மூக்கில் பட்டால் வகுப்பு நிற்கிறதா, “துடைத்துக்கொண்டு வா” என்கிறார்களா? வகுப்பில் எல்லோரும் சிரிப்பது அடிபட்டவரைப் பார்த்தா என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் வரும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊர்களில் மாலை ஆறு மணி கராத்தே வகுப்பு என்பது பெரும்பாலும் எட்டிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நீங்கள் ஒருவர் வளர்ந்தவராக நிற்பீர்கள். ஒரு வாரத்தில் மாஸ்டர் உங்களைப் பார்த்து, “நீங்கள்தான் பிரவுன் பெல்ட்டாயிற்றே, இந்த வெள்ளை பெல்ட்டுகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார். கௌரவமாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நீங்கள் கட்டணம் கட்டி வேலை செய்யும் உதவி மாஸ்டர் ஆகியிருப்பீர்கள். உங்கள் கட்டா ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது. ஆகவே முதலிலேயே கேளுங்கள்: பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா? பெரும்பாலும் அது காலை ஐந்தரை, ஆறு மணி வகுப்பாக இருக்கும். அதில் எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஒருவர் இருந்தாலும் அவரோடு தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். எத்தனை ஆண்டாக வருகிறார், தொட்டுத் திருத்தும்போது சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா, இவருக்கு முன் வந்துகொண்டிருந்த பெண்கள் ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டிப் பள்ளியா, மரபுப் பள்ளியா என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படியான சண்டையில் குத்துக்கு ஒரு புள்ளி, உடலில் படும் உதைக்கு இரண்டு, தலை உயர உதைக்கு மூன்று. அதற்குத் தயாராகும் வகுப்பில் துள்ளிக்கொண்டே தூரத்தை அளப்பதும் பாய்ந்து விலகுவதும்தான் பிரதானம். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல் நடந்ததே அதில், கராத்தே சேர்க்கப்பட்டு, 2024 பாரிஸில் விடுபட்டது. அப்படியும் போட்டி வகுப்புகளின் மவுசு குறையவில்லை. அது நல்ல விளையாட்டு. ஆனால் அப்படிப்பட்ட பள்ளியில் மாஸ்டரின் கண் மாநிலப் பதக்கம் வாங்கக்கூடிய பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மேல்தான் இருக்கும். 27 வயதில் அலுவலகம் முடிந்து ஓடி வரும் உங்கள் மேல் இருக்காது. மாஸ்டர் கெட்டவர் என்பதால் இல்லை. பள்ளியின் பிழைப்பு அந்தப் பதக்கத்தில் இருக்கிறது.

ஸ்டைல் மாறினால் ஆறு ஆண்டும் வீணா என்றால், இல்லை. இடுப்பைத் திருப்பத் தெரிந்த உடம்பு எங்கே போனாலும் இடுப்பைத் திருப்பும். ஷோட்டோகானிலிருந்து ஷிட்டோ ரியூவுக்குப் போவது தாமிரபரணியில் ஒரு படித்துறையிலிருந்து அடுத்த படித்துறைக்குப் போவது போல. ஷிட்டோ ரியூவை உருவாக்கிய மபுனி கென்வாவும் ஃபுனாகோஷியும் இத்தோசு என்ற ஒரே ஆசானிடம் கற்றவர்கள். நின்ற நிலை கொஞ்சம் உயரும், கட்டாக்களின் எண்ணிக்கை மிக அதிகமாகும், பழைய பெயர்களைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்: நமது கான்கு தாய் அங்கே கோசோகுன் தாய், கங்காகு அங்கே சின்தோ. வாடோ ரியூவில் ஜூஜுட்சுவின் வாடை இருக்கும். தடுப்பதைவிட விலகுவது அதிகம். கோஜு ரியூ கொஞ்சம் தூரத்து உறவு. மியாகி சோஜுன் உருவாக்கிய அந்த மரபில் சான்சின் என்ற கட்டாவில் குறுகிய நிலையில் நின்று, மூச்சை இறுக்கி விட்டு, உடம்பைப் பிழிவார்கள். நீள நிலையில் வளர்ந்த நமக்கு முதல் மாதம் கட்டிப்போட்டது போல இருக்கும். ஆனால் முழங்கால் வலி தொடங்கியவர்களுக்கு அந்தக் குறுகிய நிலை ஒரு வரம் என்பது என் சொந்த அனுபவம். கியோகுஷின் பக்கம் போவதாக இருந்தால் தெரிந்தே போங்கள். ஒயாமா மசுதாட்சுவின் வழி அது: முகத்தில் கையால் குத்தக்கூடாது, மற்றபடி காப்பில்லாமல் முழு வேகத்தில் உடம்பில் அடி விழும். தொடாமல் நிறுத்தப் பழகிய ஷோட்டோகான்காரருக்கு அங்கே கிடைக்கும் முதல் தொடை உதை மறக்க முடியாத பாடம்.

சிறு பழக்கவழக்கங்களும் மாறும். வணக்கத்துக்கும் சரி என்பதற்கும் நாம் மூச்சுக்கு முந்நூறு முறை சொல்லும் ‘ஓஸ்’, ஒகினாவா மரபைக் கறாராகப் பிடிக்கும் சில வகுப்புகளில் சொல்ல மாட்டார்கள். வகுப்பு முடிவில் ஐந்து வரி உறுதிமொழி இருக்காமல் போகலாம். முதல் வாரம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் செய்வதைச் செய்யுங்கள். “எங்கள் பள்ளியில் இப்படி இல்லை” என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். புதிதாக வந்த மருமகள் “எங்கள் வீட்டில் இப்படி இல்லை” என்பதற்கு என்ன வரவேற்போ, அதே வரவேற்புதான் இதற்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஆண்டுச் சந்தா, அவர்கள் சின்னம் போட்ட சீருடை, பெல்ட் தேர்வுக் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், முக்கியமாக டான் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் எவ்வளவு, சான்றிதழை வழங்கும் அமைப்பு எது, எல்லாவற்றையும் சேரும் முன்பே கேளுங்கள். நல்ல மாஸ்டர் கோபிக்க மாட்டார். மும்பையில் ஒரு இடத்தில் ஓராண்டுத் தொகையை முன்பணமாகக் கட்டினால் பதினெட்டு மாதத்தில் அடுத்த டான் உறுதி என்று அச்சடித்த தாளையே கொடுத்தார்கள். நான் வங்கிக்காரன், வட்டி விகிதத்தை மட்டும்தான் முன்கூட்டி உறுதி செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாதாமாதம் கட்டும் இடமே உங்களுக்கு நல்லது. வேலை மாறலாம், வீடு மாறலாம்.

தூரம். பெரம்பூரில் மிகச் சிறந்த மாஸ்டர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், சேராதீர்கள். சோழிங்கநல்லூரில் வேலை முடித்து, பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் ஊர்ந்து வந்து, அதற்கு மேல் ஊரைக் குறுக்கே கடந்து போவது முதல் மாத உற்சாகத்தில் மட்டும்தான் நடக்கும். வீட்டிலிருந்து அரை மணிக்குள் போகக்கூடிய சுமாரான வகுப்பு, ஒன்றரை மணி தூரத்தில் இருக்கும் அற்புதமான வகுப்பைவிட மேல். உங்களுக்கு ஒரு வசதி, வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் இருப்பது. தரமணி, திருவான்மியூர், மயிலாப்பூர் வரை நெரிசலில் சிக்காமல் போகலாம். தேடும் வட்டத்தைச் சாலையை வைத்துப் போடாமல் அந்த ரயில் பாதையை வைத்துப் போடுங்கள்.

தரையையும் தொட்டுப் பாருங்கள். விரிப்பு இருக்கிறதா, சிமெண்டா? மொட்டை மாடிச் சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். சிமெண்ட்தான் கிடைக்கிறது என்றால் சேருங்கள், ஆனால் துள்ளும் பயிற்சிகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். ஊர் மாறிய குழப்பத்தில் சில மாதம் பயிற்சி விட்டுப்போயிருக்கும். மனசுக்கு பிரவுன் பெல்ட் நினைவிருக்கும், தொடைக்கு இருக்காது. முதல் மூன்று வாரம் சண்டையில் இறங்க வேண்டாம். பிரவுன் பெல்ட்டோடு வரும் புது ஆளைச் சோதித்துப் பார்க்க ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு துடியான இளைஞன் இருப்பான். அவனிடம் “அடுத்த மாதம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் பக்கத்தில் எதுவும் தேறவில்லை என்றால் அவசரப்பட்டு எதிலாவது சேர வேண்டாம். காலையில் மொட்டை மாடியில் தனியாக கட்டா செய்யுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை பழைய வகுப்பில் நிற்கலாம். உங்கள் மாஸ்டர் சம்மதித்தால் ஷோதான் தேர்வை அங்கேயே முடித்துவிட்டு, சென்னையில் நிதானமாக வேறு ஸ்டைலைத் தேடுவதும் நல்ல வழிதான். சொல்லப்போனால் உங்கள் நிலையில் நான் அதைத்தான் செய்வேன். ஆறு ஆண்டு செதுக்கியவர் கையாலேயே அந்த ஒரு தேர்வு நடப்பது நல்லது. பிளாக் பெல்ட் கட்டிக்கொண்டு போய் இன்னொரு மரபில் வெள்ளை பெல்ட்டாக நிற்பது, பிரவுன் பெல்ட்டோடு போய் நிற்பதைவிட மனசுக்கு எளிது. ஏன் என்று எனக்கே சரியாக விளக்கத் தெரியவில்லை. பார்த்தவரை அப்படித்தான் இருக்கிறது.

புது வகுப்பில் சேரும் நாளுக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தெரிந்த எல்லாக் கட்டாக்களையும், முன்பக்கம் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். புது மாஸ்டர் திருத்தத் தொடங்கிய ஆறு மாதத்தில் பழைய வடிவம் உடம்பிலிருந்து கரைந்துபோகும்; பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது. உடை மாற்ற அறை இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பூங்காவிலும் மாடியிலும் நடக்கும் வகுப்புகளில் பெண்களுக்கு இதுதான் நடைமுறைத் தொல்லை. சீருடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுப் பள்ளியின் சின்னத்தோடு புதிதாக ஒன்று வாங்கச் சொல்வார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பழையதில் இருக்கும் உங்கள் திருநெல்வேலிப் பள்ளியின் சின்னத்தை பிளேடால் பிய்த்துவிட்டு அதன் மேல் புதியதைத் தைக்க வேண்டாம். நான் கோயம்புத்தூரில் அப்படிச் செய்துவிட்டு, அடுத்த பொங்கலுக்குத் திருச்சி வகுப்புக்குப் போனபோது எதைப் போட்டுக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் விழித்தேன்.